தென்னாப்பிரிக்காவின் பழைய மக்கள்தொகைக் கணக்கைப் படிக்கும் முறை

முதலில் ஆண்டைப் பாருங்கள். 1911, 1921, 1936, 1946, 1951இல் எல்லா இனத்தாரையும் எண்ணினார்கள்; 1918, 1926, 1931, 1941இல் வெள்ளையரை மட்டும். பின்னவற்றை வரிசையில் சேர்க்காதீர்கள்.

அடுத்தது எல்லை. பலர் சறுக்குவது இங்கேதான். டிரான்ஸ்கை (1976), போபுதட்ஸ்வானா (1977), வெண்டா (1979), சிஸ்கை (1981) ஆகியவை கறுப்பினத்தாருக்கென நிறவெறி அரசு ஒதுக்கிய பகுதிகள்; அவற்றை அது 'தனிநாடு' என்று அறிவித்தது. உலகம் ஏற்கவில்லை. ஆனாலும் 1985, 1991 கணக்கில் அந்த மக்கள் இல்லை; 1980இல் இந்த நான்கில் சிஸ்கை மட்டும் உண்டு. 1996இன் ஏறத்தாழ 4.06 கோடியோடு ஒப்பிடுமுன் விடுபட்டவர்களைக் கூட்டுங்கள். இல்லையேல் பொய்யான வளர்ச்சி தெரியும்.

தமிழரைத் தேடுகிறீர்களா? 'ஆசியர்' பத்தியில் தெலுங்கர், குஜராத்தியர், சீனரும் அடக்கம். வீட்டுமொழி அட்டவணைக்குப் போங்கள். ஆங்கிலத்துக்கு மாறிய குடும்பங்கள் அதிலும் விடுபடும்.