ஹவாய் ஊர்ப்பெயர்களை அஹுபுவா எல்லைகளோடு இணைத்த கதை

அமெரிக்க அரசின் அதிகாரப்பூர்வ இடப்பெயர்ப் பட்டியலை, ஹவாயின் அஹுபுவா (மலை முதல் கடல் வரை நீளும் பாரம்பரிய நிலப்பிரிவு) அடுக்கோடு கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பெயர் வைத்து இணைத்தேன். கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரிந்த பெயர்கள்கூட பொருந்தாமல், 'நல்' (NULL, வெற்று மதிப்பு) என்றே வந்தன.

இடைவெளிகளை வெட்டியும், எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கியும் பலனில்லை. தோராயப் பொருத்தம் இன்னும் மோசம்: இரண்டு எழுத்து வித்தியாசத்தை அனுமதித்தால் மாவி தீவின் ஹொனொகோவாயும் ஹொனொகோஹாவும் ஒன்றாகிவிடுகின்றன. நிறுத்தற்குறிகளை நீக்கியபோதுதான் விஷயம் பிடிபட்டது. ஒரு பக்கம் ஓகினா (ஹவாய் மொழியில் மேற்கோள்குறி போலத் தெரியும் எழுத்து) மறைந்தது, மறுபக்கம் அப்படியே நின்றது.

சரியான ஓகினாவின் யூனிகோட் எண் 699. அது நிறுத்தற்குறி அல்ல, எழுத்து வகை. அதனால் நீக்கும் கட்டளை அதைத் தொடாது. மற்ற பட்டியலில் இருந்ததோ அதைப் போலத் தெரியும் வேறு குறிகள்: 39 (நேர் மேற்கோள்), 8216 (வளைந்த மேற்கோள்), சில இடங்களில் 96 (சாய்ந்த குறி). நெடிலைக் காட்டும் மேற்கோடும் இரு விதமாக இருந்தது: ஒன்றில் 257 என்ற ஒற்றை எழுத்து, மற்றதில் 97-உம் 772-உம் சேர்ந்த ஜோடி.

பைத்தான் நிரலில் முதலில் என்எஃப்சி (ஜோடிகளை ஒற்றை எழுத்தாக்கும் யூனிகோட் வடிவம்) வடிவத்துக்கு மாற்றி, பிறகு மூன்று போலிக் குறிகளையும் 699 ஆக்கியதும் பொருந்தின.

ஆனாலும் வாய்மேயா என்ற பெயர் மூன்று தீவுகளில் வந்து நின்றது. மோக்கு (பல அஹுபுவாக்கள் அடங்கிய பெரிய பிரிவு) பெயரை மட்டும் சேர்த்து நம்ப முடியாது, கோனா என்ற மோக்குவே கவாயி, ஓவாஹு, ஹவாய் மூன்றிலும் உண்டு. தீவு, மோக்கு, அஹுபுவா மூன்றையும் ஒட்டித்தான் இணைப்புக்கான திறவுகோல் செய்ய வேண்டும். முடிவை ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வடிவில் வேண்டாம், ஜியோபேக்கேஜ் என்ற புதிய வடிவில் சேமியுங்கள். இல்லையென்றால் 699 கேள்விக்குறியாகத் திரும்பலாம்.