பறந்த கூடாரம், புதைத்த உரப்பை

கல்கிசைக் கடற்கரை, ஜூலை மாதம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம் என்று தெரிந்தும், மடக்குக் கூடாரத்தோடு வந்த குட்டை ஆணிகளை மட்டும் மணலில் குத்தினேன். ஒரே வீச்சு. கூரை காற்றை அள்ளி எழும்ப, இரும்புக் கால் மச்சானின் காதோரம் போனது. நல்லவேளை, தேத்தண்ணிப் போத்தலோடு போயிற்று.

காற்றின் வேகம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்கு. மணலில் ஆணி எங்கே நிற்கும்?

இப்போது உரப்பைகளில் மணல் நிரப்பி முழங்கால் ஆழத்தில் புதைத்து, மேல்மூலைகளிலிருந்து கயிறு இழுத்துக் கட்டுகிறேன். காலுக்கொரு 20 லீற்றர் தண்ணீர்க் கான், அது 20 கிலோ. தொங்கவிட்டால் ஆடும், காலடியில் இறுக்கவேண்டும். அப்புறம், கடலில் வெள்ளை நுரை கூடினால் கூரைத் துணியைக் கழற்றிச் சட்டத்தையும் மடக்கிவிடுவேன். வெயில் சுடுகிறது என்று மனைவி முணுமுணுப்பார். சரி, முணுமுணுக்கட்டும்.