தொட்டி மீனைப் படம் பிடிக்க: முதல் வாரம் கேமரா வேண்டாம்

நான் எடுத்த முதல் மீன் படம் இன்னும் போனில் இருக்கிறது. அதில் மீன் இல்லை. ஆரஞ்சு நிறத்தில் ஒரு தீற்றல், அதற்குப் பின்னால் டியூப் லைட்டின் வெள்ளைக் கோடு, நடுவில் பனியன் போட்டுக்கொண்டு போனைத் தூக்கிப் பிடித்தபடி நான். கண்ணாடியில் தெரிந்த என் முகம் மட்டும் அப்படியே கணக்காக ஃபோகஸ் ஆகியிருந்தது.

நல்ல கேமரா வாங்கினால் சரியாகிவிடும் என்று அப்போது நினைத்தேன். வாங்கியும் பார்த்தேன். தீற்றல் இன்னும் பெரிதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். மீன் அடுத்த நொடி எங்கே போகும் என்று தெரியாதவரை எந்தக் கேமராவும் அதைத் துரத்திக்கொண்டேதான் இருக்கும். அதனால் இந்தச் செய்முறையில் கேமரா கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். கையில் இருக்கும் போனே போதும். கேமரா வைத்திருப்பவர்களுக்கும் அங்கங்கே சொல்கிறேன்.

படி 1: மீன் நலமாக இருக்கிறதா?

துடுப்பை உடம்போடு ஒட்டி மடக்கி வைத்திருக்கும் மீன், நிறம் வெளுத்த மீன், மூலையில் ஒண்டி நிற்கும் மீன், இவற்றைப் படம் எடுக்காதீர்கள். தண்ணீரைப் பாருங்கள். புதுத் தொட்டி என்றால் பெரும்பாலும் அம்மோனியாதான் காரணம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அந்த அளவுக்குக் கெடுதல் செய்யாது. இந்தப் பாக்டீரியா ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் வரை பிடிக்கும். அதுவரை பொறுமை. சோதனைத் திரவத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியம் காட்டிய பிறகுதான் மீனும் துடுப்பை விரிக்கும், நாமும் படம் எடுக்கலாம்.

மீன் அடிக்கடி மேலே வந்து வாயைத் திறந்தால் மூச்சுத் திணறுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். ஃபைட்டர் மீனுக்கு அது பொருந்தாது. செவுளுக்கு மேலே அதற்குத் தனியாக ஒரு காற்று அறை உண்டு. மேலே வந்து காற்றை விழுங்குவது அதன் அன்றாட வேலை. தரையில் மேயும் சின்னக் கெளுத்தியான கோரிடோரஸும் திடீரென்று அடியிலிருந்து விர்ரென்று மேலே போய் ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு இறங்கும். அந்தக் காற்றைக் குடல் வழியாக உறிஞ்சிக்கொள்ளும் மீன் அது. தொட்டியில் இருக்கிற எல்லா மீனும் ஒன்றாக மேலே கூடி நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

படி 2: ஒரு நோட்டு, ஒரு வாரம்

நாளுக்குப் பதினைந்து நிமிடம், முடிந்தால் தினமும் ஒரே நேரத்தில், தொட்டி முன்னால் உட்காருங்கள். போனை வேறு அறையில் வைத்துவிட்டு வாருங்கள். நோட்டில் தொட்டியை ஒரு பெட்டியாக வரைந்து, ஒரே ஒரு மீனைத் தேர்ந்தெடுத்து, அது போகும் பாதையைப் பேனாவால் கோடு போடுங்கள்.

மூன்றாம் நாளே ஆச்சரியப்படுவீர்கள். மனம்போன போக்கில் அலைவதுபோலத் தெரிந்த மீனுக்கு ஒரு ரூட் இருக்கும். என் ஃபைட்டர் இடது மூலையில் ஹீட்டர் பக்கத்திலிருந்து கிளம்பும். ஜாவா ஃபெர்ன் இலைமேல் கொஞ்ச நேரம் படுத்த மாதிரி நிற்கும். மேலே போய் ஒரு வாய் காற்று. பிறகு முன் கண்ணாடியை ஒட்டியே வலது பக்கம் வந்து, கல்லுக்கு முன்னால் திரும்பும். இதே சுற்று, நாள் முழுக்க.

திரும்பும் இடத்தைத்தான் குறித்துக்கொள்ள வேண்டும். மீன் திரும்புவதற்கு முன்னால் மார்புத் துடுப்பு இரண்டையும் முன்பக்கமாக விரித்து பிரேக் போடும். அந்த அரை நொடி உடம்பு கிட்டத்தட்ட அசையாமல் நிற்கும், மற்ற துடுப்புகளும் விரிந்திருக்கும். என்னிடம் இருக்கும் நல்ல படங்களில் பாதிக்கு மேல் அந்த அரை நொடியில் எடுத்தவை.

உட்கார்ந்திருக்கும்போதே உடம்பையும் படியுங்கள். துடுப்புகளை எண்ணுங்கள். நியான் டெட்ராவுக்கு முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் இடையில் சின்னதாக, கண்ணாடிபோல இன்னொரு துடுப்பு இருக்கும். கொழுப்புத் துடுப்பு என்று பெயர். அது இருப்பதே தெரியாமல் வருடக்கணக்கில் டெட்ரா வளர்ப்பவர்கள் உண்டு, நானும் அதில் ஒருவன். கப்பியில் ஆணின் அடித்துடுப்பு குச்சிபோல நீண்டிருக்கும், பெண்ணுக்கு விசிறிபோல இருக்கும். வாலின் பகட்டைப் பார்க்காமல் இதை வைத்தே குஞ்சுகளில் ஆண் பெண் பிரிக்கலாம். செவுளுக்குப் பின்னாலிருந்து வால்வரை ஓடும் மெல்லிய கோடு பக்கக்கோடு. தண்ணீரில் ஏற்படும் அசைவை மீன் உணர்வது அதனால்தான். கண்ணாடியைத் தட்டி மீனைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்வதற்கும் அதுவே காரணம்.

படி 3: எந்த மீனில் தொடங்குவது?

ஃபைட்டரில். மெதுவாகப் போகும், ஆளைப் பார்த்தால் கிட்டே வரும். அடுத்து கோரிடோரஸ்: ஓடினாலும் அவ்வப்போது தரையில் உட்காரும். பிறகு கப்பி, டெட்ரா. ஜீப்ரா டேனியோவைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது நிற்கவே நிற்காது.

படி 4: கண்ணாடியும் தண்ணீரும்

உள்பக்கப் பாசியை முந்தைய நாளே சுரண்டிவிடுங்கள். அன்றைக்கே செய்தால் துகள்கள் மிதந்து படம் முழுக்கப் புள்ளி விழும். தண்ணீர் மாற்றுவதும் முந்தைய நாள்தான். புதுத் தண்ணீரிலிருந்து பிரியும் நுண்ணிய குமிழ்கள் கண்ணாடியில் முத்து முத்தாக ஒட்டிக்கொள்ளும். வெளிப்பக்கம் ஈரத்துணி, பிறகு உலர்ந்த துணி. அக்ரிலிக் தொட்டி என்றால் மென்மையான துணி மட்டும். அதில் கீறல் விழுந்தால் போகாது.

படம் எடுக்கும்போது ஃபில்டரைச் சில நிமிடம் நிறுத்தினால் துகள்கள் அடங்கும். ஒரு முறை இப்படி நிறுத்திவிட்டு, நல்ல படம் கிடைத்த சந்தோஷத்தில் அப்படியே தூங்கப் போய்விட்டேன். காலையில் டெட்ராக்கள் மொத்தமும் மேல்மட்டத்தில் வாய் பிளந்து நின்றன. நல்லவேளை, எதுவும் சாகவில்லை. அன்றிலிருந்து ஃபில்டரின் சுவிட்சை அணைத்தால் போனில் பத்து நிமிட அலாரம் வைத்துவிட்டுத்தான் மறுவேலை.

படி 5: ஒளி

இந்த ஒரு படியைச் சரியாகச் செய்தால் மற்றதில் கொஞ்சம் பிசகினாலும் தப்பித்துவிடலாம்.

முதலில் அறையை இருட்டாக்குங்கள். திரையை மூடி, விளக்குகளை அணைத்து, தொட்டிக்கு மேலே உள்ள விளக்கு மட்டும் எரியட்டும். உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு என்றால் கண்ணாடியில் எதுவும் பிரதிபலிக்காது. அடர்நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். என் வெள்ளைப் பனியன் கதையை மேலே சொல்லியாயிற்று. அப்படியும் நிழல் தெரிந்தால் கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதன் வழியாக எடுங்கள்.

ஒளி மேலிருந்து வர வேண்டும். மீனின் முதுகு அடர்ந்தும் வயிறு வெளிறியும் இருப்பது இயற்கை வெளிச்சம் மேலிருந்து வருவதால்தான். பக்கத்திலிருந்தோ கீழிருந்தோ அடித்தால் பார்க்கவே விகாரமாக இருக்கும். போனின் பிளாஷை அணைத்துவிடுங்கள், அது நேராகக் கண்ணாடியில் பட்டுத் திரும்பும். தனி பிளாஷ் இருந்தால் தொட்டியின் கண்ணாடி மூடிமேல் கீழ்நோக்கி வைத்து, கேமராவிலிருந்து வயர்லெஸ்ஸாக இயக்கலாம். விழுந்துவிடாமல் கட்டி வையுங்கள். மின்சாரமும் தண்ணீரும் பக்கத்தில் இருக்கிற வேலை. பிளாஷ் இல்லையென்றால் இன்னொரு எல்இடி விளக்கை மேலே சேர்த்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். சில மலிவு எல்இடிகள் கண்ணுக்குத் தெரியாமல் மினுங்கும். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் அந்த விளக்கை மாற்றுங்கள்.

விளக்கு போட்டதும் எடுக்க ஆரம்பிக்காதீர்கள். நியான் டெட்ராவின் நீலக்கோட்டில் நீலச் சாயம் ஏதும் கிடையாது. தோலில் அடுக்கடுக்காக இருக்கும் மெல்லிய படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் வரும் நிறம் அது. இரவில் மங்கிப்போகும், விளக்கு போட்ட பிறகு மெல்ல மெல்லத்தான் ஏறும். அரை மணி நேரம் விடுங்கள். பார்க்கும் கோணம் மாறினால் கோட்டின் நிறமும் நீலத்துக்கும் பச்சைக்கும் இடையே நகரும். ஒரே மீனின் இரண்டு படத்தில் இரண்டு நிறம் வந்தால் கேமராவைத் திட்டாதீர்கள்.

பின்னணிக்கு, பின்கண்ணாடியின் வெளிப்பக்கம் கறுப்புத் தாள் ஒட்டினால் போதும். தரையிலும் அடர்நிற மணல் நல்லது. வெள்ளைக் கல் போட்ட தொட்டியில் பல மீன்கள் தங்கள் நிறத்தைத் தாங்களே மட்டுப்படுத்திக்கொள்ளும்.

படி 6: கேமரா அமைப்பு

ஷட்டர் வேகத்தை, அதாவது கேமராவுக்குள் ஒளி விழும் நேரத்தை, முதலில் முடிவு செய்யுங்கள். மெதுவான மீனுக்கு 1/125 நொடி, டெட்ராவுக்கு 1/250, டேனியோவுக்கு 1/500. அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6 முதல் எஃப் 8 வரை இருந்தால் மூக்கிலிருந்து வால்வரை ஓரளவு தெளிவாக வரும். மிச்சத்தை ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) பார்த்துக்கொள்ளட்டும். 1600, 3200 என்று ஏறினால் ஏறட்டும். கொஞ்சம் மணல்மணலாக இருக்கும் படத்தைப் பார்க்க முடியும், கலங்கிய படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. செவுள் மூடியும் வயிறும் வெள்ளியாக மின்னும் மீன் என்றால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒரு படி குறையுங்கள், இல்லாவிட்டால் செதில்கள் வெள்ளைத் திட்டாகிவிடும்.

போனில் எடுப்பவர்கள் மீன் வந்து திரும்பும் இடத்தில் இருக்கும் இலையையோ கல்லையோ அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். வெளிச்ச அளவையும் விரலால் கொஞ்சம் கீழே இழுங்கள். பிறகு காத்திருங்கள். நோட்டில் போட்ட கோடு இங்கேதான் உதவிக்கு வரும்.

படி 7: நேருக்கு நேர்

லென்ஸ் கண்ணாடிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். காற்றிலிருந்து தண்ணீருக்குள் போகும்போது ஒளி வளையும்; தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. நேராகப் பார்த்தால் 20 செ.மீ. உள்ளே இருக்கும் மீன் 15 செ.மீ. தூரத்தில் இருப்பதாகத் தோன்றும், அதனால் படத்துக்குக் கெடுதல் இல்லை. சாய்வாகப் பார்த்தால்தான் சிக்கல்: உடம்பு நசுங்கித் தெரியும், ஓரங்களில் நிறம் பிரியும், மொத்தமும் வழிந்த மாதிரி இருக்கும். மீன் பக்கவாட்டில் போனால் கேமராவைத் திருப்பாதீர்கள், நீங்கள் நகருங்கள். நாற்காலியைவிடத் தரையில் முட்டி போடுவது வசதி. மீனின் கண்மட்டத்துக்கு லென்ஸ் இறங்க வேண்டும்.

முன்கண்ணாடிக்கு அருகில் வரும்போது மட்டும் எடுங்கள். பின்னால் போகப் போக இடையில் தண்ணீர் கூடி, படம் மங்கும்.

ஃபோகஸ் கண்ணில். வால் கொஞ்சம் கலங்கினால் மன்னிக்கலாம்.

படி 8: அழுத்துங்கள்

தொடர் படப்பிடிப்பு முறையில் வைத்து, மீன் பிரேக் போடும் இடத்துக்கு வரும்போது ஒரு கொத்தாக எடுங்கள். இருநூறு எடுத்தால் மூன்று தேறும். எனக்கு இப்போதும் அதே கணக்குதான்.

சாப்பாட்டுக்கு முன்னால் எடுப்பது நல்லது. பசியில் மீன் முன்னால் வந்து நிற்கும். சாப்பிட்ட பிறகு வயிறு உப்பி, தண்ணீரிலும் துணுக்கு மிதக்கும். ஃபைட்டர் செவுளை விரித்துச் சண்டைக்கு நிற்கும் படம் வேண்டுமென்றால் சின்னக் கண்ணாடியைக் காட்டலாம். ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிடுங்கள். அதற்கு அது உண்மையான சண்டை. திரும்பத் திரும்பக் காட்டினால் களைத்துப்போகும்.

அழகுப் படங்களோடு ஒவ்வொரு மீனுக்கும் ஓர் அடையாளப் படமும் எடுத்து வையுங்கள். தலை இடப்பக்கம், முழு உடம்பும் பக்கவாட்டில், துடுப்பெல்லாம் விரிந்த நிலையில். மீன் ஆய்வாளர்கள் வழக்கமாக மீனின் இடப்பக்கத்தைத்தான் படமெடுத்துப் பதிவு செய்வார்கள். நீங்களும் அப்படியே வைத்தால் ஒப்பிடச் சுலபம். ஃபிஷ்பேஸ் என்ற இணையத் தரவுத்தளத்தில் 35,000-க்கும் மேற்பட்ட மீன் இனங்களின் விவரம் இருக்கிறது, பலவற்றுக்குப் படமும் உண்டு. விற்பனைப் பெயரை நம்பித் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். அறிவியல் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்: நம் ஃபைட்டர் பெட்டா ஸ்ப்ளெண்டன்ஸ், கப்பி பொயிசிலியா ரெட்டிகுலேட்டா.

படி 9: கணினியில்

வெட்டலாம், மிதக்கும் புள்ளிகளைத் துடைக்கலாம், எல்இடியின் நீலச்சாயலைக் குறைக்கலாம். நிறத்தைக் கூட்டும் பட்டையைத் தொடாதீர்கள் என்பது என் பிடிவாதம். மீனை அடையாளம் காண்பதற்கும், அதன் உடல்நிலையைத் தெரிந்துகொள்வதற்கும் நிறம்தான் துப்பு.

படக்கோப்பின் பெயரில் மீனின் பெயரையும் தேதியையும் சேருங்கள். என் ஃபைட்டரின் வால் ஒருநாள் கல்லில் மாட்டிக் கிழிந்தது. தண்ணீரைச் சுத்தமாக வைத்துக்கொண்டு, மூன்று நாளுக்கு ஒரு முறை அதே இடத்தில் அதே பக்கத்தைப் படம் எடுத்தேன். வரிசையாக வைத்துப் பார்த்தபோது தெரிந்தது: கிழிந்த விளிம்பில் முதலில் பாலிதீன் தாள் மாதிரி நிறமே இல்லாமல் ஒரு சவ்வு முளைத்திருக்கிறது, பிறகு அதற்குள் துடுப்பின் கதிர்கள் நீண்டிருக்கின்றன, சிவப்பு எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வந்திருக்கிறது. தினமும் தொட்டி முன்னால்தான் உட்கார்ந்திருந்தேன். வெறுங்கண்ணுக்கு அதெல்லாம் படவே இல்லை.