ஜம்ப் ரேஸ் கணிப்பு: முந்தின இரவே நாம் செய்துவிடும் தவறுகள்

கிண்டியில் ரேஸ் புத்தகம் புரட்டிப் பழகியவர் இங்கிலாந்தின் ஜம்ப் ரேஸ் பட்டியலைக் கையில் எடுத்தால், முதல் பத்து நிமிடம் எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். குதிரையின் பெயர், வயது, எடை, ஜாக்கி, பயிற்சியாளர், கடைசி சில ஓட்டங்களின் எண்கள் என்று பழகிய கட்டங்கள்தான். முக்கால்வாசித் தவறுகள் அந்தப் பத்து நிமிடத்திலேயே நடந்து முடிந்துவிடும். கிண்டியில் நடப்பது சமதள ஓட்டம், ஒன்றரை இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிற வேக விளையாட்டு. ஜம்ப் ரேஸில் மிகக் குறைந்த தூரமே ஏறத்தாழ இரண்டு மைல். ஹர்டில் என்றால் குறைந்தது மூன்றரை அடி, சேஸ் என்றால் குறைந்தது நாலரை அடி உயரத் தடைகளை ஒவ்வொன்றாகத் தாண்டி, பெரும்பாலும் குளிர்காலச் சேற்றில் ஓட வேண்டும். ஏன்ட்ரீயில் நடக்கும் கிராண்ட் நேஷனலில் நாலே கால் மைலுக்கு மேல் தூரம், 30 தாண்டல்கள்.

1752-ல் அயர்லாந்தில் பட்டெவன்ட் தேவாலயக் கோபுரத்திலிருந்து டோனரெய்ல் தேவாலயக் கோபுரம் வரை, வேலி, வாய்க்கால் எல்லாவற்றையும் தாண்டி இருவர் குதிரையோட்டிப் போட்டியிட்டார்கள். ஸ்டீப்பிள் சேஸ் என்ற பெயர் அந்தக் கோபுரங்களிலிருந்து வந்தது. இன்றைக்கும் இந்த விளையாட்டு அடிப்படையில் அதேதான். நிலத்தைக் கடக்க வேண்டும். அதனால் "எந்தக் குதிரை நல்ல குதிரை?" என்று தொடங்குவதே முதல் தவறு. "நாளைக்கு எந்த நிலத்தில், எப்படிப்பட்ட ஓட்டம்?" என்று தொடங்கினால் குதிரைகளின் பெயர்கள் தாமாகவே மேலும் கீழும் இடம் மாறும்.

மண்ணைப் பார்க்காமல் பெயரைப் பார்ப்பது

மைதானத்தின் ஈரப்பதத்தை ரேஸ்காரர்கள் கோயிங் என்பார்கள். குட், குட் டு சாஃப்ட், சாஃப்ட், ஹெவி என்று இறங்கிக்கொண்டே போகும். ஹெவி என்பது நம் ஊர் நாற்றங்காலில் கால் வைத்தது போல. ஒரு கால் இழுத்தால் மறுகால் புதையும்.

2017 நவம்பரில் ஹேடாக் மைதானம் ஹெவியாகக் கிடந்தது. பெட்ஃபேர் சேஸில் பிரிஸ்டல் டி மாய் என்ற சாம்பல் நிறக் குதிரை 57 லெங்த் (ஒரு லெங்த் என்பது ஏறத்தாழ ஒரு குதிரையின் நீளம்) வித்தியாசத்தில் ஜெயித்தது. பின்னால் வந்தது ஏதோ சாதாரணக் குதிரை அல்ல, அதே பந்தயத்தை மூன்று முறை வென்றிருந்த கியூ கார்ட். பார்த்தவர்களுக்குத் தலை சுற்றியது. அடுத்த மாதம் கெம்ப்டனில் கிங் ஜார்ஜ் சேஸுக்கு அது வந்தபோது பலர் அந்த 57-ஐ அப்படியே சுமந்துகொண்டு வந்தார்கள். அங்கே அது வெற்றிக்கு அருகில்கூட வரவில்லை. 2018-லும் 2020-லும் ஹேடாக் பெட்ஃபேர் சேஸை மறுபடி வென்றது. குதிரை மோசமாகிவிடவில்லை, அதன் மண் ஹேடாக்கில் இருந்தது, அவ்வளவுதான்.

இதில் இன்னொரு சறுக்கல் உண்டு. சனிக்கிழமை ஓட்டத்துக்கு வியாழக்கிழமையே கணிப்பு எழுதிவிட்டு, வெள்ளி இரவு பெய்த மழையைக் கண்டுகொள்ளாமல் விடுவது. எழுதுகிறவர் "சாஃப்டாக இருந்தால் இது, மழை இல்லாவிட்டால் அது" என்று இரண்டு பெயர் எழுதிவைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஒரே பெயரில் பிடிவாதமாக நிற்பவர்தான் மறுநாள் வானத்தைத் திட்டுவார்.

மைதானத்தின் வடிவமும் இதே கணக்கில்தான் சேரும். கெம்ப்டன் வலப்பக்கம் திரும்பும், சமதளம், ஏறக்குறைய முக்கோண வடிவம். செல்டன்ஹாம் இடப்பக்கம் திரும்பும், மேடும் பள்ளமுமாக இருக்கும், கடைசித் தடைக்குப் பிறகு மூச்சை வாங்கிவிடும் ஒரு ஏற்றம். சில்வினியாக்கோ கான்டி 2013, 2014 இரண்டு ஆண்டும் கெம்ப்டனில் கிங் ஜார்ஜை வென்ற குதிரை. செல்டன்ஹாம் கோல்ட் கப் மட்டும் அதற்குக் கடைசிவரை கிட்டவில்லை. 2014 கோல்ட் கப்பில் கடைசித் தடைக்கு முன்னணியில் வந்துவிட்டு, அந்த ஏற்றத்தில் நான்காம் இடத்துக்குப் போனது. காவ்டோ ஸ்டார் மாதிரி கிங் ஜார்ஜை ஐந்து முறையும் கோல்ட் கப்பை இரண்டு முறையும் வெல்கிற குதிரைகள் அபூர்வம். அபூர்வத்தை விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எண்களை அவசரமாகப் படிப்பது

குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் 21எஃப்-3பி1 என்பது போல ஒரு வரிசை இருக்கும். வலது ஓரத்தில் இருப்பதுதான் கடைசி ஓட்டம். புதியவர்கள் இடமிருந்து படித்துவிட்டு, போன வருஷத்துக் குதிரையைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். சிறு கோடு போன பருவத்தைப் பிரிக்கிறது. எண் என்றால் வந்த இடம், எஃப் என்றால் விழுந்தது, பி என்றால் ஜாக்கி நடுவழியிலேயே நிறுத்திவிட்டார், யு என்றால் ஜாக்கி சேணத்திலிருந்து கீழே போய்விட்டார்.

எழுத்தைப் பார்த்ததும் குதிரையின் பெயரை அடித்துவிடுவது சோம்பேறித்தனம். முதல் தடையிலேயே விழுந்ததா, கடைசிக்கு முந்தின தடையில் முன்னணியில் இருந்தபோது விழுந்ததா? இரண்டுக்கும் ஒரே எஃப்தான் போடுவார்கள். இரண்டாவது வகை எஃப் பல நேரம் ஒன்றாம் எண்ணுக்குச் சமம். ஆனால் ஆறு ஓட்டத்தில் மூன்று எஃப் இருந்தால் அது துரதிருஷ்டம் இல்லை, பழக்கம். பழைய ஓட்டங்களின் வீடியோ இன்று எளிதாகக் கிடைக்கிறது. இரண்டு நிமிடம் செலவழித்துப் பார்க்காமல் எழுத்தை வைத்து முடிவு செய்கிறவருக்காக நான் பரிதாபப்பட மாட்டேன்.

ஹர்டிலில் வீராதிவீரனாக இருந்த குதிரை சேஸிலும் அப்படியே இருக்கும் என்று நினைப்பதும் இந்த வகைதான். ஹர்டில் தட்டினால் சாயும், சேஸ் தடை மன்னிக்காது. பட்டியலில் "நாவிஸ்" என்று கண்டால் கத்துக்குட்டி என்று ஒதுக்கவும் வேண்டாம். பருவம் தொடங்கும்போது அந்த வகைத் தடையில் இன்னும் ஜெயித்திராத குதிரை என்பதுதான் அதன் பொருள். நாளைய சாம்பியன்கள் அங்கிருந்துதான் வருகிறார்கள்.

எடையைப் பற்றிய இரண்டு மூடநம்பிக்கைகள்

ஹேண்டிகேப் ஓட்டத்தில் தரமான குதிரைக்கு அதிக எடையும் சுமாரான குதிரைக்குக் குறைந்த எடையும் கொடுத்து எல்லாரையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவரப் பார்க்கிறார்கள். இதில் ஒரு கூட்டம் "அதிக எடை சுமக்கும் குதிரை ஜெயிக்காது" என்கிறது. 2015 கிராண்ட் நேஷனலில் மெனி கிளவுட்ஸ் 11 ஸ்டோன் 9 பவுண்ட் சுமந்து ஜெயித்தது. (இங்கே பவுண்ட் என்பது பணம் அல்ல, எடை. 14 பவுண்ட் ஒரு ஸ்டோன்.) இன்னொரு கூட்டம், எடை வெறும் காகிதக் கணக்கு என்கிறது. அவர்கள் 1973 கிராண்ட் நேஷனலைப் பார்க்க வேண்டும். கிரிஸ்ப் 12 ஸ்டோன் சுமந்து வெகுதூரம் முன்னால் ஓடியது. ரெட் ரம்முக்கு 10 ஸ்டோன் 5 பவுண்ட். கடைசித் தடையைத் தாண்டிய பிறகும் கிரிஸ்ப்தான் ஜெயிக்கும் போலிருந்தது. முடிவுக் கோட்டுக்குச் சற்று முன்பு கால்கள் தள்ளாட, முக்கால் லெங்த்தில் தோற்றது. இரண்டுக்கும் இடையே 23 பவுண்ட் வித்தியாசம். ஜம்ப் ரேஸில் ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ ஒரு லெங்த் என்று பொதுவாகக் கணக்குப் போடுவார்கள். அந்தக் கணக்கை அந்த முக்கால் லெங்த்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

எடையைத் தனியாகப் பார்ப்பதில் பயனில்லை. போன முறை இதே குதிரை எந்த எடையில், யாரை, எவ்வளவு தூரத்தில் ஜெயித்தது, இப்போது எத்தனை பவுண்ட் ஏற்றியிருக்கிறார்கள் என்று சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண் பேசும். அனுபவம் குறைந்த ஜாக்கி ஏறினால் குதிரை சுமக்கும் எடையில் 3, 5, 7 பவுண்ட் என்று சலுகை உண்டு. நல்ல கைக்கு ஏழு பவுண்ட் சலுகை கிடைக்கும் நாட்கள் சில மாதங்கள்தான் நீடிக்கும். கவனிக்கிறவருக்கு அது அறுவடைக் காலம்.

"பெரிய ஜாக்கி எதில் ஏறுகிறாரோ அதுதான்"

வில்லி மலின்ஸ் போன்ற பயிற்சியாளர் ஒரே ஓட்டத்தில் நான்கைந்து குதிரைகளை இறக்குவார். அவருடைய முதல் ஜாக்கி பால் டவுனென்ட் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பதைப் பார்த்ததும் பேனாவை மூடிவிடுவோம். 2025 கிராண்ட் நேஷனலில் டவுனென்ட் ஏறியது முந்தின ஆண்டு வென்ற ஐ ஆம் மேக்சிமஸ். ஜெயித்தது அதே லாயத்தின் நிக் ராக்கெட், விலை 1-க்கு 33, அதாவது 1 கட்டினால் 33 லாபம். ஓட்டியவர் மலின்ஸின் மகன் பேட்ரிக், தொழில்முறை ஜாக்கிகூட இல்லை. முதல் மூன்று இடமும் மலின்ஸ் குதிரைகளுக்கே. லாயத்தைச் சரியாகப் பிடித்தவர்கள் ஏராளம், லாயத்துக்குள் குதிரையைப் பிடித்தவர்கள் கொஞ்சம். ஜாக்கியின் தேர்வு ஒரு தகவல். ஆனால் அவர் மனதில் என்ன இருந்தது என்பதற்கு நம்மிடம் சாட்சி இல்லை.

நிச்சயம் என்ற சொல்

1996-ல் மெட்ராஸ் ரேஸ் கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் வெறும் அதிர்ஷ்டம் அல்ல, திறமை சார்ந்தது என்று தீர்ப்புச் சொன்னது. எங்கள் பெரியப்பா அதைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொள்ளாத குறை. பெரியம்மா ஏதாவது கேட்டால் உச்ச நீதிமன்றத்தைக் காட்டுவார். என்னைக் கேட்டால், அந்தத் திறமையில் பாதி விலையைப் படிப்பதில் இருக்கிறது. அது பெரியப்பாவுக்கும் வரவில்லை, எனக்கும் தாமதமாகத்தான் வந்தது.

2-க்கு 1 என்ற விலையில் ஒரு குதிரை இருக்கிறது என்றால், அதாவது 2 கட்டினால் 1தான் லாபம் என்றால், சந்தை அதற்குத் தரும் வெற்றி வாய்ப்பு மூன்றில் இரண்டு. மூன்றில் ஒரு முறை தோற்கும் என்று விலையே வாய்விட்டுச் சொல்கிறது. நமக்கு மட்டும் அது "தோற்கவே தோற்காது" என்று காதில் விழுகிறது.

இதைத் தூக்கி அடுக்கினால் இன்னும் மோசம். நான்கு ஓட்டத்தில் நான்கு ஃபேவரிட் (சந்தை அதிகம் நம்பும் குதிரை), ஒவ்வொன்றுக்கும் 60 சதவீத வாய்ப்பு என்று வையுங்கள். நான்கும் ஒன்றாக வருவதற்கான வாய்ப்பு 13 சதவீதம்தான். 2015 செல்டன்ஹாம் பந்தய விழாவின் முதல் நாளான செவ்வாயன்று மலின்ஸும் அவருடைய ஜாக்கி ரூபி வால்ஷும் டூவான், அன் டி சோ, ஃபோகீன் என்று மூன்று ஃபேவரிட்டுகளை வரிசையாக ஜெயிக்கவைத்தார்கள். நான்காவது ஆனி பவர். நாட்டில் பாதிப் பேர், நான்கும் ஜெயித்தால்தான் பணம் என்று, நான்கையும் கோத்துக் கட்டியிருந்தார்கள். கடைசி ஹர்டிலுக்கு முன்னணியில் வந்து விழுந்தது. அந்த ஒரு வீழ்ச்சியில் புக்கிகளுக்குத் தப்பியது ஏறக்குறைய 5 கோடி பவுண்ட் என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஓட்டத்தை ஜெயித்த க்ளென்ஸ் மெலடியும் மலின்ஸ் குதிரைதான்.

ஒரு நாளில் ஏழு ஓட்டம் இருந்தால் ஏழுக்கும் பெயர் எழுத வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. இருபத்து நான்கு குதிரை ஓடும் ஹேண்டிகேப்பில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றால் அந்த இடத்தில் கோடு போட்டுவிட்டுப் போகலாம். எட்டுக் குதிரை ஓட்டத்தில் எத்தனை பேர் முன்னால் ஓட விரும்புகிறவர்கள் என்று எண்ணிப் பார்க்க அந்த நேரம் உதவும். ஒரே ஒரு குதிரைதான் முன்னோடி என்றால் அது தன் வேகத்தில் ஓடி மூச்சை மிச்சம் வைக்கும். மூன்று இருந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும், பின்னால் வருபவருக்குச் சாப்பாடு.

ஓட்ட நாள் காலையில் மறுபடி ஒரு முறை பட்டியலைப் பார்ப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். யார் விலகினார்கள், கோயிங் மாறியதா, முதல் தடவையாகக் கண்மறைப்பு போட்டிருக்கிறார்களா, மூச்சுக்குழல் அறுவைச் சிகிச்சை முடிந்து வருகிற முதல் ஓட்டமா என்பதெல்லாம் அங்கே இருக்கும். அந்தச் சிகிச்சையை அறிவிக்க வேண்டும் என்று பிரிட்டனில் 2018 முதல் விதி இருக்கிறது.

2025 மார்ச் 11, செல்டன்ஹாம் விழாவின் முதல் நாள், மறுபடி ஒரு செவ்வாய். சாம்பியன் ஹர்டிலுக்கு கான்ஸ்டிடியூஷன் ஹில் என்று நானும்தான் எழுதியிருந்தேன். விலை 2-க்கு 1. பக்கத்தில் "நிச்சயம்" என்று வேறு கிறுக்கியிருந்தேன். ஐந்தாவது ஹர்டிலில் அது விழுந்தது. முந்தின ஆண்டு வென்ற ஸ்டேட் மேன் தனியாக முன்னால் வந்து கடைசி ஹர்டிலில் விழுந்தது. இரண்டையும் தாண்டி 1-க்கு 25 விலையில் கோல்டன் ஏஸ் ஜெயித்தது. பெண் குதிரை என்பதால் அன்றைக்கே நடந்த மேர்ஸ் ஹர்டிலில் அது ஓடியிருக்கலாம். அங்கே லாசிமவுத் என்ற பலமான குதிரை இருந்ததால் இங்கே வந்தது. இரண்டாவதாக வந்த பர்டெட் ரோடின் விலை 1-க்கு 66. அந்தத் தாள் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. "நிச்சயம்" என்ற சொல்லை மட்டும் அடித்திருக்கிறேன்.