மனநல உதவிக்கு எந்தக் கதவைத் தட்டுவது?

மூன்று மாதமாகத் தூக்கமே இல்லை என்று கோலாலம்பூர் செந்தூலில் மாமாக் கடையில் ஒரு நண்பர் சொன்னார். கவுன்சிலரா (மனநல ஆலோசகர்), சைக்காலஜிஸ்டா (உளவியலாளர்), சைக்கியாட்ரிஸ்டா (மனநல மருத்துவர்), யாரிடம் போவதென்று அவருக்கு ஒரே குழப்பம். அவரிடம் சொன்னதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

முதல் படியில் மூவருமே வேண்டாம். பக்கத்து அரசாங்க கிளினிக்குக்குப் போங்கள். ஐசி காட்டினால் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான். தூக்கமின்மை, படபடப்புக்கெல்லாம் தைராய்டுகூடக் காரணமாக இருக்கலாம். அதை ரத்தப் பரிசோதனைதான் சொல்லும். கூடவே ஒரு கேள்வித்தாள் தரக்கூடும்: கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் எதிலும் நாட்டமில்லாமல் இருந்தீர்கள் என்பது மாதிரி. நம் ஆட்கள் கூச்சப்பட்டு எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று குறித்துவிடுவார்கள். அப்புறம் போனதே வீண்.

அடுத்து ஆளைத் தேர்ந்தெடுப்பது. சாப்பாடு, தூக்கம், வேலை எல்லாம் குலைந்திருந்தால், இல்லாத குரல் காதில் கேட்டால், சைக்கியாட்ரிஸ்ட். அவர் மருத்துவம் படித்தவர். மூவரில் மருந்து எழுதுபவர் அவர்தான். கிளினிக்கில் கடிதம் வாங்கிக்கொண்டு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் செலவு சொற்பம், காத்திருப்புதான் நீளும். விடாத பயம், பழைய அதிர்ச்சி, பிள்ளையின் கவனக் குறைபாட்டைச் சோதிப்பது என்றால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். குடும்பச் சிக்கல், வேலை நெருக்கடி, துக்கம் என்றால் பெரும்பாலும் கவுன்சிலரே போதும். மருந்துக்கு ஒருவர், பேசுவதற்கு ஒருவர் என்று இரண்டு பக்கமும் போகிறவர்களும் உண்டு.

தனியாரிடம் போவதானால் காசு கட்டுமுன் பதிவைப் பாருங்கள். 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கவுன்சிலராகத் தொழில் செய்பவர் கவுன்சிலர் வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு எண் கேட்டதற்கு முகம் சுளிக்கும் ஆளிடம் நான் போகமாட்டேன்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இந்தப் படியெல்லாம் ஏற வேண்டாம். மனம்விட்டுப் பேச உதவும் தொண்டூழிய அமைப்பான பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண்ணான ஹீல் 15555. நிலைமை கைமீறினால் 999, இல்லையென்றால் நேராக அவசரப் பிரிவு.

சரி, மொழி விஷயம். தேதி வாங்கும்போதே தமிழ் பேசுபவர் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள். என் சின்னம்மா ‘மனசு வலிக்குது’ என்பதை அப்படியே மலாயில் ‘சாக்கிட் ஹாத்தி’ என்று சொல்லிவிட்டார். மலாயில் அது ஆத்திரத்தைக் குறிக்கும். தாதி நிமிர்ந்து பார்த்து, யார்மீது அவ்வளவு கோபம் என்று கேட்டாராம்.