இலையைத் திருப்பிப் பாருங்கள்: பெரணிக் குடும்பங்களை அடையாளம் காண

சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற வழியில் ஏதாவது ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். கிளை இடுக்கில் பெரிய கூடை மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும். தண்டில் காசு காசாக ஒன்று ஒட்டிப் படர்ந்திருக்கும். இரண்டுமே பெரணி (fern) தான், ஆனால் வேறு வேறு குடும்பம். புதிதாகப் பார்ப்பவர்கள் இலை வடிவத்தை வைத்துப் பெயர் சொல்லப் போய்த்தான் ஏமாறுகிறார்கள். பெரணியின் முகவரி இலையின் முதுகில் இருக்கிறது.

10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்ன லென்ஸ் ஒன்று போதும். கைப்பேசி கேமராவும் சமாளிக்கும்.

படி 1: பெரணிதானா?
இளம் இலை நத்தை ஓடு போலச் சுருண்டிருக்கிறதா, பூவோ காயோ இல்லையா? சரி, அடுத்த படிக்குப் போகலாம்.

படி 2: முதுகைப் பாருங்கள்
அடிப்புறத்தில் பழுப்பாகத் தெரிவது ஸ்போர் பைகளின் குவியல். ஸ்போர் என்பது விதைக்குப் பதிலாகப் பெரணி பரப்பும் நுண்ணிய தூள். குவியலை சோரஸ் என்பார்கள். நான் முதன்முதலில் தொட்டியில் பெரணி வளர்த்தபோது அதைச் செதில்பூச்சி என்று நினைத்து, சோப்புத் தண்ணீர் போட்டுத் தேய்த்துவிட்டேன். பூச்சி தாறுமாறாக ஒட்டும். சோரஸ் கோலப்புள்ளி போல ஒழுங்காக இருக்கும்.

குவியல் நீளக் கோடுகளாக, நடுநரம்பிலிருந்து சாய்வாகக் கிளம்பினால் அஸ்ப்ளினியேசி. மரத்தில் பார்த்த அந்தக் கூடை, அதாவது பறவைக்கூட்டுப் பெரணி, இந்தக் குடும்பம். கோடுகளில் சில, ஒரே நரம்பின் இரு பக்கமும் முதுகோடு முதுகாக ஒட்டியிருந்தால் அத்திரியேசி. மலாய்ச் சாப்பாட்டுக் கடையில் கிடைக்கும் பூச்சோக் பாக்கு என்ற கீரை இந்த வகைதான்.

வட்டப் புள்ளிகள்தான் குழப்பும். மேலே மூடி எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் பாலிபோடியேசி. தமிழ்நாட்டில் மூட்டுவலிக்குச் சூப் வைக்கிற முடவாட்டுக்கால் கிழங்கு இந்தக் குடும்பத்துப் பெரணியின் தண்டு. அதே பெரணி இங்கேயும் மரங்களில் வளர்கிறது. குட்டையான பழுப்பு இலைகள் சருகைப் பிடித்து வைக்கும், நீளமான பச்சை இலைகளில்தான் ஸ்போர் வரும். காசு இலைப் பெரணியும் அப்படித்தான். வட்ட இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் ஒன்றும் இருக்காது, பக்கத்தில் இருக்கும் குறுகிய நீள இலையின் ஓரத்தைப் பாருங்கள். புள்ளிமேல் சிறுநீரக வடிவ மூடி இருந்து, சிற்றிலைகள் ஏணிப்படி போல அடுக்கியிருந்தால் நெஃப்ரோலெப்பிஸ் ஆக இருக்கலாம்.

இலை ஓரமே மடங்கி ஸ்போரை மூடியிருந்தால் டெரிடேசி. பழைய சுவர் வெடிப்புகளில் முளைக்கும் டெரிஸ் அப்படிப்பட்டது. ஆனால் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில் ஆளுயரம் நிற்கும் பெரணியின் நுனிச் சிற்றிலைகளைப் பார்த்தால் புள்ளியும் இல்லை, கோடும் இல்லை. அடிப்புறம் முழுக்கத் துருப்பிடித்தது போல இருக்கும். அதுவும் டெரிடேசிதான்! விதிவிலக்கில்லாத விதி இந்தத் துறையில் கிடைக்காது.

படி 3: தண்டும் கிளையும்
செதில் போர்த்திய தண்டு முயல் கால் போல மரத்தில் ஊர்ந்து, இலை ஓரத்தில் குட்டிக் கிண்ணங்கள் தெரிந்தால் தவாலியேசி. வெயில் காயும் மண்சரிவில் இலை இரண்டிரண்டாகக் கவைத்துப் புதராக மண்டியிருந்தால் கிளெய்க்கினியேசி. மலாய்க்காரர்கள் ரெசாம் என்பது இதைத்தான்.

படி 4: பெரணியின் கூட்டாளிகள்
இலை மிகச் சிறியது, அதில் ஒரே ஒரு நரம்பு என்றால் அது பெரணி இல்லை, ஸ்போரால் பெருகும் அதன் கூட்டாளி. குட்டிக் கிறிஸ்துமஸ் மரம் போல நின்று, கிளை நுனியில் சின்னக் கூம்புகள் தொங்கினால் லைக்கோபோடியேசி. நிழலில் மயில் நீலம் மின்னினால் செலாஜினெல்லா. கோணம் மாற மாற நீலம் பச்சையாகும், இலை நனைந்திருந்தால் நீலம் தெரியாது.

வேரும் உருப்படியான இலையும் இல்லாமல், பச்சைக் குச்சிகள் கவைத்து, மஞ்சள் உருண்டைகளுடன் நிற்கும் சைலோட்டத்தை முன்பு கூட்டாளிகளோடு சேர்த்திருந்தார்கள். மரபணு ஆய்வு அதைப் பெரணிகளுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. குளத்தோரத்து ஆரைக்கீரையும் பெரணிதான் என்று சொன்னால் அம்மா இன்னும் நம்புவதில்லை.

புக்கிட் தீமா போன்ற வனப்பகுதிகளில் இலையைப் பறிக்கக் கூடாது, சட்டப்படி குற்றம். மெதுவாகத் திருப்பி, படம் எடுத்து, அப்படியே விட்டுவிடுங்கள். முழு இலை ஒரு படம், அடிப்புறம் ஒரு படம், தண்டின் அடி ஒரு படம்.