முன்பணம் கொடுக்கும் முன்: வீட்டுமனை வாங்குவோருக்கு

தமிழ்நாட்டில் வீட்டுமனை வாங்க முன்பணம் கொடுக்கும் முன், தாய்ப்பத்திரம் (அந்த நிலத்தின் பழைய மூலப்பத்திரம்) தொடங்கி விற்பவர் பெயரிலுள்ள கிரயப்பத்திரம் வரை எல்லாவற்றின் நகலையும் வாங்கி, சர்வே எண்ணும் பரப்பும் நான்கெல்லையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று விரல் வைத்துப் படிக்க வேண்டும். சொத்தின் மீதான விற்பனை, அடமானம் போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றை முப்பது ஆண்டுக்கு எடுப்பது வழக்கம். ஆனால் பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும் என்பதால், பதிவு செய்யாத ஒப்பந்தமோ வாரிசுகளின் பங்குத் தகராறோ அதில் தெரியாது. பலர் பெயரில் சேர்ந்திருக்கும் கூட்டுப் பட்டா என்றால் பாகப்பிரிவினை ஆகிவிட்டதா என்பதைக் கேட்காமல் நகரவே கூடாது.

மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அங்கீகாரம் இருக்க வேண்டும்; 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று தரகர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

பிறகு டேப்புடன் மனைக்குச் செல்லுங்கள். பத்திரத்தில் 40 அடி என்றிருப்பது, மீட்டரில் அளவு காட்டும் அரசு நில அளவைத் துறையின் புல வரைபடத்தில் 12.19 என வரவேண்டும். எல்லைக்கல்லிலிருந்து கல்லுக்கு நீங்களே அளந்து பாருங்கள். மழை பெய்த மறுநாள் போனால் இன்னும் நல்லது, ஏனெனில் பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரில் படிந்த சேற்றுக்கோடு, தண்ணீர் எவ்வளவு உயரம் தேங்கும் என்பதைத் தரகரைவிட நேர்மையாகச் சொல்லிவிடும்.